கலந்து பழகுதல்

கல்யாண மண்டபத்தின் பின்சுவருக்கு மேலே புகை எழுந்தது.

அவள் சாலையில் நின்றுவிட்டாள். பெருங்காயம் பொரிகிற வாசனை.

யார் சமைக்கிறார்கள்?

பின்வாசல் திறந்து கிடந்தது. அடுப்பின் மேல் அந்தப் பெரிய அண்டா. டவுனில் நாலு கடை ஏறி, தட்டிப் பார்த்து வாங்கி, கண்டக்டரோடு சண்டை போட்டு அவள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்த அண்டா.

இலங்கை அகதி முகாமில் அவளோடு சேர்த்து மூன்று பெண்கள், ஊருக்குள் மூன்று பெண்கள். சேர்ந்து ஒரு சமையல் குழு. முகாமும் ஊரும் கலந்து பழக வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து யாரோ நிதி கொடுத்தார்கள். தொண்டு நிறுவனத்து மேடம் வீடு வீடாகப் போய்ப் பேசி வேலை பிடித்துத் தந்தாள். காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு. இரண்டு வருஷம் ஆறு பேரும் ஒரே அடுப்பில் வெந்தார்கள்.

சித்திரையில் நிதி நின்றது.

மேடம் வந்து அழுதாள். இனி நீங்கள் ஒரே குடும்பம், யார் தயவும் வேண்டாம் என்றாள். ஜீப்பில் ஏறிப் போனாள்.

முகாம் வீட்டில் கால் நீட்டவே இடமில்லை. பாத்திரங்களை ஊர்க்காரி செல்லக்கனி வீட்டில் அடுக்கினார்கள்.

அதன்பிறகு வேலையே வரவில்லை என்றாள் செல்லக்கனி. ஆடியில் யார் விசேஷம் வைப்பார்கள் என்றாள்.

நியாயம்தான்.

இது ஆவணி.

ஆள் அனுப்பியிருப்பாள். வந்தவன் முகாம் வாசலில் போலீஸைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பான். அப்படித்தான் இருக்கும்.

சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

செல்லக்கனி கரண்டியோடு நின்றாள். குழுவின் மற்ற ஊர்ப்பெண்கள் இருவரும் வெங்காயத்திலிருந்து தலை தூக்கவில்லை. அவர்களோடு புதிதாக மூன்று பேர். மூன்றும் ஊர்முகங்கள்.

செருகிய தலைப்பை அவள் மெல்ல எடுத்துவிட்டாள்.

செல்லக்கனி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“பொண்ணு வீட்டுல யாரு யாரு சமைக்கான்னு கேட்டாவ மலரக்கா. முகாம் ஆளுகன்னதும் மொகம் மாறிட்டு. முன்ன மேடம் பேசுவாவ. எனக்குப் பேசத் தெரியலக்கா.”

செல்லக்கனியின் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதனால் ஏசவும் வழியில்லாமல் போனது.

செல்லக்கனி மகளின் வளைகாப்பில் முதல் வளையலைப் போட்டவள் மலர். முகாம்காரி கை என்று அன்றைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. மேடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மண்டபத்துக்குள் கெட்டிமேளம் முழங்கியது.

செல்லக்கனி அவசரமாகச் சோற்றைச் சாம்பார் விட்டுப் பிசைந்து இலையில் கட்டினாள். பிள்ளைகளுக்கு என்று கையில் திணித்தாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் மலர் வாயெடுத்தாள்.

வாங்கிக்கொண்டாள்.

முகாம் குழாயடியில் ஜெசிந்தாவும் விமலராணியும் நின்றார்கள். குழுவின் மற்ற இரண்டு முகாம்காரிகள். பொட்டலத்தின் வாசனை ஜெசிந்தாவுக்கு எட்டிவிட்டது. எங்கே விசேஷம் என்று கேட்டாள்.

“தெரிஞ்ச ஆக்கள் வீட்டுக் கலியாணம். எனக்குச் சொல்லியிருந்தவை.”

“செல்லக்கனியைக் கண்டனீங்களோ அக்கா? வேலை ஏதும் வருதாமோ?”

இரண்டு முகங்களும் அவளையே பார்த்தன. குடம் நிரம்பி வழிந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

மலர் குனிந்து குழாயை மூடினாள்.

“ஐப்பசியில வருமாம்.”

ஜெசிந்தாவின் முகம் விரிந்தது. அரிவாள்மனை துருப்பிடித்துப் போயிற்று, சாணை பிடிக்கக் கொடுக்கவேணும் என்றாள். ஐப்பசி மழைக்கு நனையாத விறகுக்கு இப்போதே சொல்லிவைக்கவேணும் என்றாள். பேசிக்கொண்டே போனாள்.

அந்தப் பேச்சைக் கேட்கமாட்டாமல் மலர் பொட்டலத்தைப் பிரித்தாள். ஆளுக்கொரு கவளம் வைத்தாள்.

விமலராணி வாயில் போட்டாள்.

மென்றாள்.

நிறுத்தினாள்.

சாம்பாரில் வெந்தயத்தை வறுத்துப் பொடித்துத் தூக்கலாகப் போடுகிற கை ஊரில் ஒன்றுதான். அந்தக் கைக்குப் பக்கத்தில் இரண்டு வருஷம் நின்று உப்புப் போட்டவள் விமலராணி.

அவள் மலரைப் பார்த்தாள். மலர் குடத்தைப் பார்த்தாள்.

ஜெசிந்தா இன்னும் அரிவாள்மனைப் பேச்சிலேயே நின்றாள். நாளைக்கே சாணைக்காரன் வந்தால் நல்லது, என்ன சொல்கிறாய் என்று கேட்டாள்.

விமலராணி கவளத்தை விழுங்கினாள்.

“ஓம். குடுக்கத்தான் வேணும்.”