கைப்பிடி அரிசி

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பைக் குறைத்தாள்.

எப்சிபா அக்காதான். கையில் மடித்த சாக்கு. அறுப்பின் பண்டிகைக்குச் சபைக்காக வீடு வீடாகக் காணிக்கை அரிசி வாங்க வந்திருக்கிறாள்.

அந்தச் சபையில் எந்த வீட்டிலும் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது முதல் பிடி ஆண்டவருக்கு. தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். பண்டிகைதோறும் சபைக் கோயிலில் அதைத்தான் பொங்கிப் பந்தி வைப்பார்கள்.

இந்த முறை பானையையே கொடுத்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தும் இருந்தாள்.

நடந்தது ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம்.

வீட்டில் சாவு விழவில்லை. வீட்டுக்காரருக்குச் சுகக்கேடு இல்லை. கட்டிக்கொடுத்த மகள் நாகர்கோவிலில் நன்றாக இருக்கிறாள்.

முன்பெல்லாம் கீர்த்தனை தொடங்கும்போதே அவள் கண்ணை மூடி உருகிப் பாடுவாள். கன்வென்ஷன் ஜெபக்கூட்டப் பந்தலில் ஒரு சாயங்காலம் மணலில் முழங்காலிட்டு அழுதபோது ஒரு சந்தோஷம் வந்தது. சாகும்வரை இது போகாது என்று தங்கையிடம் சொல்லவும் செய்தாள்.

போய்விட்டது.

எந்த நாளில் போனது என்றுகூடத் தெரியவில்லை. ஈஸ்டர் ஆராதனையில் வாய் மட்டும் பாடியது.

பல் பிடுங்க ஊசி போட்டு மரத்த கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் கைக்குத்தான் தெரியும். அவ்வளவுதான்.

போதகரிடம் போய்ச் சொன்னாள். ஏதாவது பாவம் இருக்கும், யோசித்துப் பாரம்மா என்றார். யோசித்தாள். சொல்லிக்கொள்ளும்படி ஒரு பாவமும் அகப்படவில்லை. அதிலும் தோற்றுப்போனவளாக வீட்டுக்கு வந்தாள்.

அதோடு ஜெபத்தை விட்டாள். இல்லாத சந்தோஷத்தை இருப்பதாகக் காட்டிக்கொண்டு ஆண்டவர் முன்னால் உட்கார வெட்கமாக இருந்தது. அவர் வேண்டாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"பானையில ஒண்ணும் இருக்காதுக்கா," என்றாள். "ஈஸ்டருக்கு நீங்க வாங்கிட்டுப் போனதோட சரி. ஜெபமே இல்லாத வீட்டுல காணிக்கை எதுக்கு. பானையையும் கொண்டு போயிருங்க."

எப்சிபா அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். சாக்கை உதறி விரித்தாள்.

"வெறும்பானைதான? தூக்கிட்டு வா, பாப்போம்."

சமையல் மேடைக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், இருட்டில் இருந்தது பானை. குனிந்து ஒரு கையால் இழுத்தாள்.

வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள்.

வாய்வரை அரிசி.

வீட்டுக்காரர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. வேறு யாரும் வீட்டில் இல்லை.

இருவருமாகப் பிடித்துச் சாக்குக்குள் கவிழ்த்தார்கள். முதலில் விழுந்தது வெள்ளை வெளேரென்ற புது அரிசி. அந்த மூட்டையை அவள் முந்தாநாள்தான் பிரித்தாள். அதன் பிறகு ரேஷன் அரிசி, கொட்டை கொட்டையாக. மழை பிடித்துக்கொண்டு கடைக்குப் போக முடியாத நாட்களில் பொங்கியது. கடைசியில் ஈஸ்டர் சமயத்துப் பழுப்பு அரிசி. சாக்கின் ஓரமெல்லாம் வண்டு ஓடியது.

ஒரு பிடி போட்டதாகக்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

தினமும் அரிசி அளக்கிற வலது கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் தவிடு ஒட்டியிருந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"பூச்சி விழுந்திருக்குல்லா," என்றாள் எப்சிபா அக்கா, சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே. "ரெண்டு வேப்பிலையைப் போட்டு வச்சா என்ன பிள்ள?"

சாக்கை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பானையைக் கேட்கவில்லை.

அழுகை வரும் என்று நினைத்து அவள் கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. மரத்த இடம் மரத்தபடியே இருந்தது.

சோற்றை வடித்தாள்.

பானையைத் துடைத்து, மேடைக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்தாள்.

பின்கதவைத் திறந்துகொண்டு போய், வேப்பமரத்தில் கைக்கு எட்டிய கொத்தை ஒடித்து வந்து, பானைக்குள், அடியில் போட்டாள்.