ஐந்தாம் பலகை

"அண்ணன், உங்கட பலகை நாலு. அஞ்சில என்னத்துக்குச் சுட்டீங்க?"

பதியுதீன் பென்சிலும் புள்ளி அட்டையுமாகப் பக்கத்தில் குந்தியிருந்தான். கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை வைத்திருப்பவன். ஒருவர் சுட மற்றவர் புள்ளி எழுதுவது துப்பாக்கித் திடலின் வழக்கம். சவுந்தரநாயகத்தின் பத்தாவது குண்டுக்குச் சுழியம் போட அவனுக்குக் கை வரவில்லை.

சவுந்தரநாயகம் பாயை விட்டு எழும்பவில்லை. காலை முதல் வெயிலில் குப்புறக் கிடந்து தோள் கன்றிப்போயிருந்தது.

"களைப்பு, தம்பி. நம்பர் பிழைச்சுப்போச்சு."

"எட்டுக் குண்டு நடுவுல வெச்ச ஆளுக்கா நம்பர் பிழைக்கும்? கதை விடாதீங்க. இதையும் வெச்சிருந்தா முடிசூட்டுக் கப்பு உங்களுக்குத்தான்."

தொள்ளாயிரம் கெஜத் தூரத்தில், ஐந்தாம் பலகைக்கு மேலே வெள்ளைத் தட்டு அசைந்தது. குண்டு நடுப்புள்ளியில் பட்டதற்கு அடையாளம். ஒரு பலகையில் இரண்டு ஓட்டை விழுந்தால், நல்லதைப் பலகைக்காரர் பேரில் எழுத வேண்டும் என்பது போட்டிச் சட்டம். பலகைக்காரர் ஒரு கிழட்டு வெள்ளைக்காரத் துரை. அவருடைய சொந்தக் குண்டு ஓரத்தில்தான் பட்டிருந்தது. ஓசியில் வந்த ஐந்து புள்ளியில் அவர் முதலாவதாகிவிட்டார்.

ஆறாம் பலகைக்காரர் ஓர் இளம் வெள்ளைக்காரர். ஒரே புள்ளியில் கிண்ணத்தைப் பறிகொடுத்தவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். நேரே வந்து, பதியுதீன் கையிலிருந்த அட்டையில் சவுந்தரநாயகத்தின் பெயரை ஒரு முறைக்கு இரு முறை வாசித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்த பிறகே சவுந்தரநாயகம் வாய் திறந்தார்.

"அஞ்சில படுத்திருந்தவர் எங்கட மனேஜர். சீஃப் கிளாக்கர் வேலைக்குத் திங்கக்கிழமை பேர் போடுகினம். மூண்டு தரம் என்னைத் தாண்டிப் போட்டுது. பத்தொன்பது வருசமா ஒரே கதிரையில இருக்கிறன். இனி ஏலாது."

"அப்ப வேணுமெண்டுதான்..."

"ஓம்."

"துரைக்குத் தெரியுமா?"

"வடிவாத் தெரியும். என்னைப் பாத்துச் சிரிச்சவர்."

"பதினொரு வருசமா அந்தக் கப்புக்கு அலைஞ்சீங்களே அண்ணன்."

"கப்பிலயே கஞ்சி குடிக்கிறது? என்ர மனிசி கனகேஸ்வரி வெள்ளவத்தை முழுக்க நான் சீஃப் கிளாக்கர் எண்டு சொல்லிப்போட்டாள்."

சொல்லிவிட்டாரே தவிர, நெஞ்சு வலித்தது. ஒரு முறையாவது ஜெயித்துவிட்டு இந்தத் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டிருந்தார்.

அந்தியில் கூடாரத்தில் பரிசளிப்பு. துரை கிண்ணத்தை மார்போடு அணைத்தபடி கூட்டத்தில் சவுந்தரநாயகத்தைத் தேடிப் பிடித்துக் கண்ணைச் சிமிட்டினார். மனிதர் நன்றி மறக்கவில்லை என்று இவருக்கு அப்பாடா என்றிருந்தது.

துரை பேச எழுந்தார். கம்பனியில் ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை, நாளைக் கப்பலில் சீமைக்கே திரும்புகிறேன், இதைவிட நல்ல பிரியாவிடைப் பரிசு கிடைக்காது என்றார். பிறகு, கல்கத்தாவிலிருந்து போன வாரம் வந்தவரென்று ஆறாம் பலகைக்காரரின் தோளில் கை போட்டு, திங்கட்கிழமை முதல் மனேஜர் இவர்தான் என்று அறிமுகப்படுத்தினார்.