மெய்ஜு வீட்டுக் குப்பை

"வண்டி வந்தாச்சு! எழுந்திரு, எழுந்திரு! குப்பையை யாரு கொண்டுபோய்ப் போடறதாம்?"

தெருமுனையில் குப்பை வண்டியின் பியானோ பாட்டு கேட்டதுமே மெய்ஜு அத்தையின் கூச்சல் ஆரம்பமாகிவிடும். அத்தை மட்டும் டிவி நாற்காலியை விட்டு அசைய மாட்டாள்.

ஹேரின் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு கையில் மூட்டையும் மறு கையில் எச்சில் வாளியுமாக மூன்று மாடி இறங்கி ஓடுவாள். தைவானின் தைனான் நகரில் குப்பை வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. விட்டால் அந்த மூட்டையோடு நாளைவரை குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

கொரியாவிலிருந்து சீனம் படிக்க வந்து, காலேஜ் ஏற்பாட்டில் மெய்ஜு அத்தை வீட்டில் தங்கியிருக்கிறவள் ஹேரின். எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள். பேசச் சொன்னால் வாயில் பூட்டு. முதல் பேச்சுத் தேர்வில் படுதோல்வி. மூன்று மாதத்தில் மறுதேர்வு. அதிலும் போனால் உதவித்தொகை நிற்கும், பெட்டியைக் கட்ட வேண்டும்.

வெட்கத்தை விட்டு அத்தையிடமே கேட்டாள். "தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் என்கூடப் பேசறீங்களா, அத்தை?"

"பேசறதா? எனக்கேது நேரம்? போய்க் குப்பையைப் போடு!"

ஏன்தான் கேட்டோமோ என்றாகிவிட்டது. வாரத்தில் ஒருநாள் இருந்த குப்பை வேலை அன்றிலிருந்து ஐந்து நாள் ஆனது. புதனும் ஞாயிறும் வண்டியே வராது, அதனால் பிழைத்தாள்.

முதல் நாளே வண்டி கிளம்பிவிட்டது. நிறுத்தச் சொல்ல நாக்கு எழவில்லை. மூட்டையோடு திரும்பினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" அத்தை மாடியிலிருந்து கத்தினாள். "அடுத்த தெருவுல நிக்கும், ஓடு! 'நிறுத்துங்க'ன்னு கத்து!"

ஓடினாள். கத்தினாள். வண்டி நின்றது.

வண்டி வருவதற்கு முன்பே தெருவே முனையில் கூடிவிடும். கீழே மீன் சூப் கடை வைத்திருக்கும் ஹுவாங் மாமா, கையை வீசிக்கொண்டு வெட்டிக்கதைக்கென்றே வந்து நிற்பார்.

"ஏ கொரியாக்காரி, இன்னிக்கும் நீதானா? உங்க அத்தைக்குக் காலு இல்லியா?"

"பழத்தோலை மூட்டையில போடாதேடி, வாளியில போடு!" என்று எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள்.

எத்தனை நாள்தான் பேசாமல் நிற்பது? ஹேரினும் பதிலுக்குப் பதில் கொடுக்க ஆரம்பித்தாள்.

"உன்னைச் சம்பளமில்லா வேலைக்காரி ஆக்கிட்டாங்கடி," என்றாள் வியட்நாம் தோழி தூயென். "வீடு மாத்தித் தரச் சொல்லி காலேஜ் ஆபீஸ்ல எழுதிக் குடு."

அன்று சாயங்காலமே மூட்டை படிக்கட்டில் கிழிந்தது. உள்ளே மீன் தலையும் இறால் தோலும்!

அத்தை சுத்த சைவம். பூண்டைக்கூடத் தொடாதவள். தினமும் புத்தர் முன்னால் ஊதுபத்தி ஏற்றுகிறவள்.

'அடிப்பாவி! எனக்குத் தினமும் காளானும் டோஃபுவும். நான் காலேஜுக்குப் போனதும் இவ இறால் வெட்டறாளா!'

வந்த கோபத்தில் இரண்டு பக்கம் எழுதினாள். வேலைக்காரி போல நடத்துகிறாள், வேஷக்காரி, உடனே வீடு மாற்றித் தரவும். மறுதேர்வு முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும்.

மறுதேர்வில், "உங்க வீட்டுப் பக்கம் தினமும் நடக்கிற ஏதாவது ஒண்ணைச் சொல்லு," என்றார்கள்.

ஹேரின் வாயைத் திறந்தாள். குப்பை வண்டி வந்தது, ஹுவாங் மாமா வந்தார், பழத்தோல் சண்டை வந்தது. ஐந்து நிமிடத் தேர்வு கால் மணி நேரம் ஓடியது. சிரித்துச் சிரித்து ஒரு ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்மா, போதும்! நீதான் முதல் மார்க்!"

தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தாள். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தேறிட்டேன், அத்தை!"

"சரி, சரி. வண்டி வருது பாரு, ஓடு!"

ஹேரினுக்குச் சுரீரென்றது. கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலை இதுதான்.

தெருமுனையில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "என்ன ஆச்சு?"

"பாஸ்! முதல் மார்க்!"

கைதட்டலில் பியானோ பாட்டே அமுங்கிப்போனது. ஹுவாங் மாமா பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! இனிமே என் குப்பையை நானே போட்டுக்கலாம்."

"உங்க குப்பையா?"

"பின்னே? ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல தினமும் ஒரு மூட்டை எங்கேர்ந்து சேரும்? மூணு மாசமா உங்க அத்தை மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து என் மீன் குப்பையை வாங்கிட்டுப் போறா. 'இந்தப் பொண்ணு எங்கூடப் பேசினா தப்பை நான் பொறுத்துப்பேன், தெரு பொறுக்காது. சும்மா போய்ப் பேசுன்னா கூச்சப்படும். கையில ஒரு மூட்டை இருந்தா கூச்சம் போயிடும்'னு சொன்னா."

ஹேரின் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். பால்கனியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தலை சட்டென்று உள்ளே போனது. தினமும் அங்கேதான் நின்றிருப்பாளோ?

வண்டி வந்தது. மூட்டையை வீசினாள். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கசக்கி, அதையும் வீசினாள்.

"ஏம்மா!" வண்டிக்காரர் கத்தினார். "காகிதமெல்லாம் பின்னால வர்ற வண்டியில! மறுபடி உபயோகத்துக்குப் போகும், தெரியாதா?"

"தெரியும்ண்ணே!" மூன்றாம் மாடிவரை கேட்கும்படி கத்தினாள் ஹேரின். "இது மறுபடி எதுக்கும் உதவாத குப்பை!"