நாற்பத்திரண்டாவது விடை

'இரண்டு நாள் பயிற்சியைப் பத்து நிமிடமாக வெட்டியது நான்தானே' என்று சங்கரி மனதுக்குள் மறுபடியும் சொல்லிக்கொண்டாள். பேட்டையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறுப்பு அவளுடையது. உற்பத்தி நேரம் வீணாகக்கூடாது என்று மேலாளர் சொன்னதால், பிரஸ் மெஷின் பாடத்தைச் செல்போன் செயலிக்கு மாற்றியவளும் அவள்தான்.

தொழிலாளர்கள் நாற்பத்தொரு பேர். தினமும் காலையில் நாற்பத்திரண்டு பேரின் விடைகள் வந்தன. கூடுதலாக வந்தது சுடலைவடிவின் பெயரில். மெஷினில் சிக்கி அவள் இறந்து மூன்று மாதமாகிறது.

மெஷின் ஓடும்போது உள்ளே கை விடலாமா என்பது கடைசிக் கேள்வி. மற்ற எல்லோரும் 'கூடாது' என்பதைத் தொட்டிருந்தார்கள். சுடலைவடிவு மட்டும் 'மேலாளர் சொன்னால் விடலாம்' என்பதைத் தொட்டிருந்தாள். அப்படியொரு விடையைச் சங்கரி பாடத்தில் வைக்கவே இல்லை.

மேலாளர் குமரகுருபரன் அவள் மேசைக்கு வந்தார்.

"நாளைக்கு ஆர்டர் குடுக்குதவங்க வாராவ. நூறு சதவீதம் தேறியிருக்கணும்லா? அந்த ஒண்ண மட்டும் அழிச்சிரும்மா."

"ரெண்டு தடவ அழிச்சிட்டேன் சார். திரும்ப வந்துட்டு."

"அப்ப 'கூடாது'ன்னு மாத்திப் போடு. செத்தவ வந்து கேக்கவா போறா?"

சங்கரி திரையைப் பார்த்தாள். பாடம் படித்துக்கொண்டிருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். சுடலைவடிவின் பெயருக்குப் பக்கத்தில் அது எரிந்துகொண்டிருந்தது.

சங்கரி மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ சரியாத்தான் சொல்லியிருக்கா சார்" என்றாள் பைய. "நான் மாத்த மாட்டேன்."