சி பிளாக் சகோதரி

"நம்ம சி பிளாக்ல ஒரு சகோதரி," என்று மைக்கில் தொடங்கினார் தமயந்தி. முன்வரிசைப் பிங்க் புடவைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் லாவண்யாவின் பக்கம் திரும்பின. சி பிளாக்கில் பெண்கள் பலர். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் அவள் ஒருத்திதான்.

பெங்களூர் மல்லேஸ்வரத்து அந்த அடுக்ககத்தில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்றால் மகளிர் அணித் தலைவி தமயந்திதான். பிங்க் பலூன், பிங்க் கேசரி, பிங்க் சால்வை போர்த்திய முன்னாள் கார்ப்பரேட்டர் என்று கூட்டம் அமர்க்களப்படும். மார்பு என்ற சொல் மட்டும் மேடைக்கு வராது. "அந்தப் பகுதி" என்பார் தலைவி, அதையும் குரலை இறக்கி.

போன கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டுத்தான் லாவண்யா குளிக்கும்போது தடவிப் பார்த்தாள். கோலிக்குண்டு போல ஒன்று விரலில் தட்டுப்பட்டது. கணவன் சஞ்சயிடம் சொல்வதற்கு முன்பே தமயந்தியிடம் ஓடினாள். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார் அவர். உடனே டாக்டரைப் பார், ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதே என்று விரட்டியவரும் அவரேதான்.

துணைக்குக் கூப்பிட்டால் மட்டும் அவருக்கு ஏதாவது ஒரு வேலை முளைத்துவிடும். ஆனால் லாவண்யா திரும்பிவந்து செருப்பைக் கழற்றுவதற்குள் காலிங் பெல் அடிக்கும். ஊசி வலித்ததா, லேடி டாக்டர்தானா, கட்டி நழுவியதா, நழுவாவிட்டால் என்ன அர்த்தமாம் என்று துருவித் துருவிக் கேட்பார். நழுவினாலும் நழுவாவிட்டாலும் ஊசி போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னதை இரண்டுமுறை சொல்ல வைத்தார்.

ரிசல்ட் வந்தது. சாதாரணக் கட்டி, பயமில்லை. லாவண்யாவைவிடத் தமயந்திதான் அதிகம் அழுதார். பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு அக்கறை இருக்காது என்று லாவண்யா உருகிப்போனாள்.

அந்த அக்கறையெல்லாம் இப்போது மைக்கில் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. ஊசி, ஸ்கேன், கண்ணீர் என்று ஒன்றுவிடாமல் வந்தது, கைதட்டலும் வந்தது. பக்கத்து நாற்காலி ஷோபா காதோரம் சாய்ந்தாள்.

"ஹௌதா லாவண்யா, நெசமாவா? அதான் இன்னும் கொழந்த வேணாம்னு இருக்கீங்களா?"

கூட்டம் கலைந்து தமயந்தி வீடு திரும்பியதும் லாவண்யா லிஃப்டுக்குக்கூட நிற்காமல் அங்கே படியேறிப் போனாள். தமயந்தி கதவைத் திறந்தார், பிங்க் புடவை கசங்காமல்.

"நான் பேரே சொல்லலையேம்மா," என்றார் முந்திக்கொண்டு.

"பேரு ஒண்ணுதான் பாக்கி ஆன்ட்டி. உங்கள நம்பித்தான சொன்னேன்? தினம் வந்து வந்து கேட்டதெல்லாம் மேடையில பேசத்தானா?"

வராந்தாவை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, அவளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டார் தலைவி.

பிறகு முந்தானையை விலக்கி, லாவண்யாவின் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் அழுத்தி வைத்துக்கொண்டார். விரலுக்கடியில் இருந்தது எந்தப் பக்கமும் நழுவவில்லை. கல்லாக நின்றது.

"போன வருஷத்துலேர்ந்து இருக்கு. உன்னுது மாதிரிதான இதுவும்?"