பன்னிரண்டாவது விளக்கு

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனியாக இருந்த கட்டடத்தை இரண்டாயிரத்து நாலில் ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். மாடி வார்டில் பதினோரு கட்டில்கள். நர்ஸ் கோமளாவின் மேசைக்கு மேலிருந்த அழைப்புமணிப் பலகையில் மட்டும் பன்னிரண்டு விளக்குகள்.

வார்டு ஓரிடத்தில் வளைந்து திரும்பியதால் கடைசி மூன்று கட்டில்கள் அவள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் பன்னிரண்டாவது விளக்கு எரிந்து மணி அடித்தது. தேடிக்கொண்டு போனவள், வளைவுக்கு அந்தப் பக்கம் ராக்கம்மாள் மூச்சுத் திணறிக் கிடப்பதைப் பார்த்தாள். ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த மாதம் அதே விளக்கு எரிந்ததால் இன்னும் இரண்டு பேர் பிழைத்தார்கள்.

கோமளா விடாமல் கேட்டதால், எல்லாக் கட்டிலும் தெரியும்படி டாக்டர் அவள் மேசையை வளைவுக்கே மாற்றினார். பலகையைக் கழற்றி அங்கே மாட்டிய எலக்ட்ரீசியன் பூபாலன், "பன்னெண்டுக்கு ஒயரே இல்லீங்க சிஸ்டர்" என்றான்.

மறுநாள் காலையில் பன்னிரண்டாவது விளக்கு எரிந்து மணி அடித்தது. கோமளா பதினோரு பேரையும் பார்த்தாள். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். மறுபடி சிகிச்சைக்கு வந்திருந்த ராக்கம்மாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ஒண்ணுமில்ல தாயி. எங்களுக்காக மணி அடிச்சாகளே, அவுகளத்தான் இன்னும் யாரும் வந்து பாக்கல" என்று கடைசிக் கட்டிலுக்கு அப்பாலிருந்த வெறும் சுவரைக் காட்டினார்.

கோமளா போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரரின் நெற்றியைப் போலக் கொதித்தது.

"பொறுத்துக்கங்க. வந்துட்டனுங்க" என்றாள். கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.