நாலரை நிமிஷத்தில் ஒரு அப்பா

“அன்னிக்குத்தான் சார், அந்தப் பையன் என்னை முதல் தடவையா ‘அப்பா’ன்னு கூப்பிட்டான்.” ஜீவானந்தத்தின் குரல் கம்மியது. கண்ணோரம் நீர் கோத்து நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த முஸ்தபா டிஷ்யூ டப்பாவை நகர்த்தினார். தாம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவர் முதல் முறையாகப் படம் எடுக்க ஆசைப்பட்டுக் கதை கேட்கிறார்.

“ஹீரோ இந்த டயலாக்கைச் சொன்னதும் இன்டர்வெல் சார்” என்றார் ஜீவானந்தம். துடைத்த மறுநொடியே அவர் கண்கள் காய்ந்திருந்தன.

“அசத்திட்டீங்க டைரக்டர் சார்! ஆனா, இன்னொருத்தரோட பையன் அவ்ளோ சீக்கிரம் ஒட்டிக்குவானா?”

“பாட்டு வருதே சார். நாலரை நிமிஷம். முதல் சரணத்துல ஹீரோ சைக்கிள் கத்துத் தர்றாரு. ரெண்டாவது சரணத்துல பையன் அவர் தோள்மேல உட்கார்ந்திருக்கான்.”

ஜீவானந்தம் ஏளனமாகச் சிரித்தார். “பழைய படமெல்லாம் குப்பை சார். சித்தின்னா கரண்டியால சூடு வைப்பா, ரெண்டாவது புருஷன்னா பெல்ட்டை உருவுவான். நம்ம ஹீரோ மாடர்ன். பெத்தாத்தான் அப்பாவான்னு கேட்கிறான்!”

“பையன் அவரைப் பார்த்ததும் ரூமுக்குள்ள போயிடறது, எது வேணும்னாலும் அம்மாகிட்டயே சொல்லி விடறது... இதெல்லாம் எப்படி சார் எழுதினீங்க?”

“கூடவே இருந்து பார்த்தாத்தான் சார் வரும்.”

முஸ்தபா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இந்தப் படத்தை நாம பண்றோம். இன்ஷா அல்லாஹ்!”

அப்போது ஜீவானந்தத்தின் செல்போன் அடித்தது. “ஒரு நிமிஷம் சார்” என்று வெளியே வராந்தாவுக்குப் போனார்.

“சார், கேம்ப் ரோடு ஸ்கூல்லேர்ந்து பேசறோம். ஜெபினுக்கு நூத்தி மூணு ஜுரம். ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான். அவங்கம்மா ஓ.எம்.ஆர். ஆபீஸ்லேர்ந்து வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். நீங்க தாம்பரத்துலதான் இருக்கீங்க, உடனே வந்துடுவீங்கன்னு சொன்னாங்க.”

“நான் முக்கியமான மீட்டிங்ல இருக்கேன். அவங்களே வரட்டும்.”

“பையன் ரொம்ப துவண்டு போயிட்டான் சார். நீங்க அவனோட அப்பாதானே பேசறீங்க?”

ஜீவானந்தத்துக்குச் சுள்ளென்று எரிச்சல் வந்தது.

“இல்ல மேடம், அவங்கம்மாவோட ஹஸ்பெண்ட்.”